பின்பக்கம் போகாத படம்: எர்ணாவூர்ப் பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நினைவுநாள் ஃபிளெக்ஸ் தெருமுனையில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆயா அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டார்: “இன்னாடா இது? பெரியவரு நெனப்பு நாளுக்குச் சின்னவரு மூஞ்சிய மாட்டி வெச்சிருக்கீங்க?”

படத்தில் இருந்தவர் இறந்துபோன அண்ணன் இல்லை, அவருடைய தம்பி. அந்தப் படம் “1952, பின்னி மில் வாசலில் தாத்தா” என்ற தலைப்போடு 3 குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருந்தது. ஆண்டு தப்பு, இடம் தப்பு, ஆளும் தப்பு. தம்பி வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வடசென்னை வீடுகளில் பழைய படங்களை வெளியே எடுக்கும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே பெட்டிக்குள் வைத்து இந்த ஆய்வை எழுதியிருக்கிறோம். உறவுமுறையும் எண்ணிக்கையும் எந்த ஒரு வீட்டையும் குறிப்பவை அல்ல. செய்முறையையும் அளவுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி

தகர டிரங்குப் பெட்டி. உள்ளே சுமார் 240 படங்கள். பாதிக்குமேல் கறுப்பு வெள்ளை. கறுப்புத் தாளில் மூலை வைத்துச் செருகிய பழைய ஆல்பம் ஒன்று. பிசின் தடவிய அட்டைமேல் படத்தை வைத்து பிளாஸ்டிக் தாளால் மூடும் 1980-கள் காலத்து ஆல்பம் இரண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டவை 5. மஞ்சப் பையில் உதிரிகள். பட்டர் பேப்பரில் சுற்றிய நெகட்டிவ் கொஞ்சம். உதிரிகளில் பல இரண்டேகால் அங்குலச் சதுரம். அக்ஃபா கிளிக் 3 மாதிரியான கேமராவில் 120 ஃபிலிம் போட்டால் 12 படம் விழும். பெரிதாக்கக் காசில்லாத வீடுகளில் நெகட்டிவ் அளவுக்கே பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்வார்கள். முகம் சரியாகத் தெரியாத இந்தச் சின்னப் படங்களைத்தான் பலரும் முதலில் தூக்கி எறிகிறார்கள். அந்தச் சின்னப் பிரிண்டில் உள்ள நுணுக்கம் பிற்காலத்துப் பளபளப்புக் கலர் படங்களில் இருக்காது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எண்ணூர் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்த வெள்ளத்தில் கச்சா எண்ணெயும் கலந்து வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி முக்கால்வாசி மூழ்கியது. தண்ணீர் வடிந்து அதைத் திறக்க மூன்றாம் நாள் ஆகிவிட்டது.

முதல் தவறு

தொடக்கம் இங்கேதான். எல்லாம் அழிந்துவிடும் என்ற பதற்றத்தில் ஈரப் படங்களைத் தரையில் பரப்பி, நின்றபடியே செல்போனில் முன்பக்கத்தை மட்டும் எடுத்து உடனுக்குடன் குழுவில் போட்டார்கள். பதற்றம் நியாயமானது, எடுத்ததும் நல்லதுதான். ஆனால் யாரும் பின்பக்கத்தைத் திருப்பவில்லை, எண் போடவில்லை. குழுவில் முதலில் பதில் போட்டவரின் ஊகமே தலைப்பாக நின்றுவிட்டது. ஈரம் காய்வதற்குள் 40 படங்கள் 40 ஊகங்களோடு போய்ச் சேர்ந்தன.

படத்தின் பின்பக்கத்தை முன்பக்கத்திலிருந்து பிரித்து அனுப்பும்போதே அதன் பாதி ஞாபகம் போய்விடுகிறது. மீதிப் பாதியைப் படம் பார்க்கிறவர் தன் ஆசைப்படி நிரப்பிக்கொள்கிறார். ஃபிளெக்ஸ் வரை போனது அந்த ஆசைதான்.

தண்ணீரும் எண்ணெயும்

நனைந்த படத்துக்கு 48 மணி நேரம்தான் கெடு. அதற்குமேல் சென்னை வெக்கையில் பூஞ்சணம் கிளம்பிவிடும். அதைவிட ஆபத்து அரைகுறையாகக் காய்வது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊறிப் பசையாகும். இரண்டு படம் முகத்தோடு முகம் காய்ந்தால் பிரிக்கும்போது ஒருவர் முகம் மற்றவர் சட்டையில் வந்துவிடும். ஆகவே ஒட்டிய கட்டைக் கையால் பிரிக்கக் கூடாது. ஈரமாகவே வைத்திருந்து தண்ணீருக்குள் பிரிக்க வேண்டும்.

கலர் படங்கள் முதலில், கறுப்பு வெள்ளை அடுத்து. கலர் படத்தின் சாயப் படலங்கள் சீக்கிரம் கரைந்து வழியும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிற்காலப் படங்களைத் தண்ணீரில் போடவே வேண்டாம், மையெல்லாம் போய்விடும். அவற்றை அப்படியே காயவிடுவதுதான் வழி.

அகலமான 3 பிளாஸ்டிக் பேசின்கள் வேண்டும். எண்ணூர் கடலோரத்துக் கிணற்று நீரும் போர் நீரும் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். முதல் இரண்டு பேசினுக்கு மெட்ரோ வாட்டர் போதும், கடைசி அலசலுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர். சென்னைத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பு. வெதுவெதுப்பில் ஜெலட்டின் இன்னும் இளகும். ஐஸ் கட்டி போட்டு 20 டிகிரி பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய கட்டை 20, 30 நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாக விலகும். விலகாததை இழுக்காமல் ஒன்றாகவே விட்டுவிடலாம். ஒட்டிய ஒரு கட்டுக்குள் 6 படம் இருந்து 4 கிடைத்தால் போதும் என்று நினைப்பவர் 4 எடுப்பார். 6-ம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் கிழிப்பார்.

எண்ணெய்தான் இந்தப் பெட்டியின் தனிச் சிக்கல். எண்ணெய் மேலே மிதக்கும். படத்தைப் பேசினிலிருந்து மேலே தூக்கும்போது அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்; அடியில் சுத்தமாக இருந்த படமும் வெளியே வரும்போது எண்ணெய் பூசிக்கொள்ளும். இந்த வீட்டில் முதல் 20, 30 படங்கள் இப்படித்தான் கெட்டன. தூக்குவதற்கு முன் பேசினின் ஓரத்தில் மெதுவாகத் தண்ணீர் விட்டு நிரம்பி வழியவிட்டால் மேல்படலம் வழிந்துபோகும். அதன் பிறகு எடுக்கலாம். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம், மண்ணெண்ணெய் எதுவும் படத்தின் முகத்தில் படக் கூடாது. கறை தங்கினால் தங்கட்டும், ஸ்கேனில் சரிசெய்யலாம். தேய்த்து எடுத்த முகத்தை எதிலும் சரிசெய்ய முடியாது. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் உறை கச்சா எண்ணெயில் ஊதித் தளர்ந்துவிடும். ஜன்னல்களைத் திறந்து வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

காயவைப்பதற்குக் கொசுவலையைக் கட்டிலின் நான்கு காலுக்கும் இழுத்துக் கட்டி அதன்மேல் படங்களை முகம் மேலே பார்க்கப் பரப்பினார்கள். அருமையான யோசனை, கீழிருந்தும் காற்று போகும். ஃபேன் நேராகப் படாமல் சுவரைப் பார்த்துச் சுற்றட்டும். வெயில் வேண்டாம், தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். செய்தித்தாள்மேல் வைத்தால் மை ஏறும், வெள்ளை வேட்டித் துணி நல்லது. காய்ந்ததும் படம் சுருளும். அது கேடில்லை. முழுதாகக் காய்ந்த பின் இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்து மேலே புத்தகம் ஏற்றினால் ஒரு வாரத்தில் நிமிரும்.

நேரம் போதாத மீதியை உறைவிப்பானுக்கு அனுப்பலாம். எர்ணாவூரில் மின்சாரம் இல்லாததால் தண்டையார்பேட்டை உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சணம் நின்றுவிடும். பிறகு ஓய்வாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கழுவலாம். சட்டம் போட்ட படங்களையும் கண்ணாடியோடு ஒட்டியவற்றையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

பிசின் ஆல்பமும் கண்ணாடியும்

பிசின் ஆல்பம் விற்பனைக்கு வந்தபோது பெரிய நாகரிகமாக இருந்தது. படங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கரையான்தான். பிசின் ஆண்டுகள் ஆக ஆகப் பழுப்பேறி இறுகும், மேலே மூடும் தாள் பிவிசியாக இருந்தால் அதுவும் படத்தில் ஒட்டும். படத்தை வளைத்து உரிக்காதீர்கள், மேல்பூச்சு வெடிக்கும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலை ஒரு மூலையிலிருந்து நுழைத்து, மரம் அறுப்பதுபோல இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நூல் நகராத இடத்தில் நிறுத்திவிட்டு முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

சாமி அறையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாம்பிராணிப் புகை படிந்து, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட 2 படங்களை எடுக்க முயலவில்லை. கண்ணாடியோடு சேர்த்தே பதிவு செய்தார்கள். இங்கே ஸ்கேனரின் வகை முக்கியம். யுஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் தம் கண்ணாடியைத் தொட்டிருப்பதை மட்டுமே தெளிவாக எடுக்கும். நடுவில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி வந்தால் படம் மங்கும். கனமான பழைய சிசிடி வகை ஸ்கேனர் அந்த ஆழத்தைத் தாங்கும். அது இல்லையென்றால் கேமராவில் எடுக்கலாம்: படத்துக்கு இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. துணி இல்லாவிட்டால் படம் எடுப்பவரின் பனியன் தாத்தா மார்பில் பிரதிபலிக்கும்.

ஸ்கேன்

4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. அது 2,400-க்கு 3,600 புள்ளி. டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்பி. இரண்டேகால் அங்குலச் சதுரங்களுக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் 1,200. 120 ஃபிலிமின் நெகட்டிவே கிடைத்தால் 2,400. பின்பக்கத்துக்கு 300 போதும். 240 படம், இரு பக்கமும் சேர்த்து, 16 ஜிபி பென் டிரைவுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரே பென் டிரைவை நம்பக் கூடாது. இரண்டு வீட்டில் இரண்டு படி, மூன்றாவது இணையச் சேமிப்பில்.

ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். குறிப்பாகத் தூசி நீக்கும் வசதி. அதற்குத் தூசிக்கும் மூக்குத்திக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் பெட்டியில் சோதனைக்காக அதை ஓடவிட்டதில் ஒரு கல்யாணப் படத்தில் பெண்ணின் மூக்குத்தி காணாமல் போனது. அந்த மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிறோம்! நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் முந்தானை வலத் தோளுக்கு வரும், சட்டைப் பை வலப் பக்கம் போகும், கடிகாரம் கை மாறும். பூ வைத்துச் சடை பின்னிப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த மஞ்சள் நீராட்டுப் படங்களில் மட்டும் கண்ணாடிக்குள் தெரிவதை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

சொரசொரப்பான தேன்கூட்டுத் தாளில் அச்சான கலர் படங்களில் ஸ்கேனர் வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஒளிபுகும்படி பொருத்தினால் பெரும்பகுதி மறையும்.

1970-கள், 80-களின் கலர் படங்கள் பெட்டிக்குள் இருட்டிலேயே இருந்தும் செக்கச் செவேல் என்று ஆகிவிடுகின்றன. வெயில் பட்டதால் இல்லை; அக்காலத் தாளில் இருந்த சயன் (பச்சை கலந்த நீலம்) சாயம் இருட்டிலும் வெளிறும். படம் திருத்தும் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று அடுக்கையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். இதைக் குழுவுக்கு அனுப்பும் பகிர்வுப் படியில் மட்டும் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம்.

மங்கிய முகத்தைக் கூர்மையாக்கித் தரும் செல்போன் செயலிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அவை முகத்தை மீட்பதில்லை, ஆயிரம் முகங்களைப் பார்த்த பழக்கத்தில் புதிதாக ஒன்றை வரைகின்றன. அடையாளம் கேட்டு ஆயாவிடம் காட்டும் படத்தில் வேறொருவர் கண்ணும் பல்லும் இருந்தால் அவர் என்னதான் சொல்வார்?

47-ம் எண் படம்

எண் போடுவது எளிது. 047-1 முன்பக்கம், 047-2 பின்பக்கம், 047-3 பகிர்வுப் படி. கோப்புப் பெயரில் ஆள் பெயரோ ஆண்டோ வேண்டாம். அவை பிறகு மாறும், எண் மாறாது.

“பின்னி மில்” என்று போன படத்துக்கு 47 என்ற எண் விழுந்தது. வேட்டி சட்டையில் ஒருவர், பின்னால் சுவர், படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட பெயர்ப்பலகை. பலகையில் தெரிந்தது “லை” என்ற எழுத்து. தாத்தா பின்னி மில் என்று ஊர் சொல்லும் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையில் வேலை பார்த்தவர், ஆகவே “ஆலை” என்று குடும்பம் படித்துக்கொண்டது. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் வீட்டுக்கு வீடு மில்காரர்கள் இருந்த ஊரில் இப்படிப் படிப்பதில் ஆச்சரியமில்லை.

முதல் தடயம் அந்த “லை”யின் உருவமே. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் லை, னை, ணை, ளை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. படத்தில் இருந்தது இன்றைய வடிவம். இது மட்டுமே சான்றாகாது: பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டதால் இயக்கத்தாரின் பலகைகளில் அது முன்பே உண்டு. மறுபக்கம், பழகின கை மாறாத பெயிண்டர்கள் 1978-க்குப் பிறகும் கொம்பு போட்டே எழுதினார்கள். ஆனால் 1952-ல் ஒரு ஆலை வாசலில் புது எழுத்து என்பது நம்பக்கூடியதாக இல்லை.

பிறகு பின்பக்கம். தாளில் மங்கலாக ‘இந்து’ முத்திரை. ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. உற்பத்தி தொடங்கியது 1967-ல். அதற்குக் கீழே ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்பில் வண்ணாரப்பேட்டை முகவரி, “சென்னை - 600 021”. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முந்தைய முத்திரைகளில் வெறும் “சென்னை-21” என்றோ “மெட்ராஸ்-21” என்றோ இருக்கும். திரும்பிப் பார்த்திருந்தால் 1952 என்ற ஊகம் இரண்டு நொடியில் விழுந்திருக்கும்.

கடைசியாக, 1,200 டிபிஐயில் பெரிதாக்கியதும் “லை”க்கு அடுத்து மெய்யெழுத்து ஒன்றின் புள்ளி தெரிந்தது. “லைக்”. ஆலையின் பெயர்ப்பலகை அப்படி முடியாது. “நியாய விலைக் கடை”! மில் வாசல் என்று நினைத்தது ரேஷன் கடை வாசல். ஆயாவிடம் அச்சடித்துக் காட்டியபோது அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. “பெரியவரு மீச இப்டி முறுக்கினு இருக்காது. இது சின்னவரு. ரேசன் கடைல எடை போட்டுனு இருந்தாரு.”

இந்தப் பக்கத்துப் படங்களில் வேறு சில தடயங்களும் உதவும். தெருவில் டிராம் தண்டவாளத்தில் வண்டி ஓடினால் 1953-க்குப் பிந்தையது அல்ல, அந்த ஆண்டோடு டிராம் நின்றுவிட்டது. “மதராஸ் மாநிலம்” என்ற எழுத்து இருந்தால் 1969 ஜனவரிக்கு முன் எழுதியது. சுவரில் இரட்டை இலை இருந்தால் 1973-க்கு முன் இருக்க முடியாது. வண்டிப் பலகையில் டி.என். என்பதற்கு அடுத்து 01 மாதிரி இரண்டு இலக்க எண் வந்தால் ஏறக்குறைய 1989-க்குப் பிறகு. சினிமா போஸ்டரை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். மகாராணி, அகஸ்தியா மாதிரிக் கொட்டகைகளில் பழைய எம்.ஜி.ஆர். படங்கள் மறுபடி மறுபடி ஓடிய ஊர் இது. போஸ்டர் சொல்வது படம் வந்த ஆண்டுக்கு முன்னால் இல்லை என்பதை மட்டும்தான். ஸ்டுடியோப் படங்களுக்குத் திரைச்சீலை நல்ல துப்பு. ஒரே மலையும் அன்னமும் வரைந்த திரைக்கு முன் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கினால், ஒன்றின் ஆண்டு தெரிந்தாலே மற்றவற்றின் பத்தாண்டு பிடிபடும்.

கேட்கும் முறை

ஆயாவிடம் பேசியது 5 தடவை. ஒரு தடவைக்கு 12 முதல் 15 படம், 40 நிமிடம். அதற்குமேல் போனால் எல்லாருமே “உங்க சித்தப்பா மாதிரி” ஆகிவிடுகிறார்கள். செல்போன் திரையில் காட்டாமல் ஏ4 தாளில் அச்சடித்துக் காட்டினார்கள். கண்புரை உள்ளவருக்கு ஒளிரும் திரை கூசும். இன்னொரு செல்போன் ஒலிப்பதிவில். படம் மாறும்போதெல்லாம் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தெரியாது. முதல் நாள் பதிவு இதனாலேயே பாதி வீணானது.

“இது 72-ல எடுத்ததுதானே ஆயா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆண்டைக் கேட்காதீர்கள். “அண்ணா செத்தப்போ இந்த வீட்ல இருந்தீங்களா?” “எம்.ஜி.ஆர். எறந்த அன்னிக்கு யாரு கைக்கொழந்த?” “மில்லு மூடுனப்புறமா?” இப்படிக் கேட்டால் 1969, 1987, 1996 தானாக வந்து உட்காரும். கடலோரக் குடும்பங்களில் 2004 சுனாமி இன்னொரு கோடு.

இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் பெயரோடு எழுதுங்கள். 83-ம் படத்தில் கையுறை மாட்டி நிற்பவர் சார்பட்டா பரம்பரையில் குத்துச்சண்டை போட்டவர் என்று மாமா சொன்னார். ஸ்டுடியோக்காரரிடம் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்தவர், அவ்வளவுதான் என்று ஆயா சொன்னார். இரண்டும் பதிவில் இருக்கின்றன. நாளைக்கு ரங்கூனிலிருந்து வந்து குடியேறிய அத்தை மூன்றாவதாக ஒன்று சொன்னால் அதற்கும் இடம் இருக்கிறது.

கத்தரியால் ஒருவரை வெட்டி எடுத்த படங்கள் 4 இருந்தன. அவற்றைக் குழுவில் போட்டு “யார் இது?” என்று கேட்கவில்லை. வெட்டியவருக்குக் காரணம் இருந்திருக்கும். தனியே கேட்டதில் இரண்டுக்குப் பதில் கிடைத்தது, அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அனுப்பும் முறை

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், கோப்புக்குள் எழுதிய குறிப்பும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் இரண்டும் தங்கும். ஆனால் அத்தை அதை மறுபடி அனுப்பும்போது டாக்குமெண்டாகவா அனுப்பப்போகிறார்? அதனால்தான் பகிர்வுப் படியை இப்படிச் செய்தார்கள்: முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஜேபெக் படமாக, அடியில் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வெள்ளைப் பட்டை. பட்டையில் எண், ஆட்களின் பெயர் இடமிருந்து வலமாக, ஆண்டு, சொன்னவர் யார். உறுதியில்லாத ஆண்டுக்குப் பின்னால் ஒரு அலைக்கோடு: “1980~”. யாரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாதபடி தலைப்பு படத்திலேயே அச்சாகிவிடுகிறது. வெட்டி அனுப்புகிறவர் இருக்கத்தான் செய்வார். பட்டை இல்லாத படத்தைக் கண்டால் எண் கேட்கும் பழக்கம் குழுவில் வந்துவிட்டது.

தவறைத் திருத்தும்போது பழைய செய்தியை அழித்துப் பயனில்லை. அது ஏற்கெனவே பத்து இடத்தில் இருக்கிறது. அதே எண்ணோடு, பட்டையில் “திருத்தம்” என்று சிவப்பில் போட்டு, பழைய தலைப்பு என்ன, ஏன் தப்பு என்று இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். 47-க்கு அப்படிச் செய்தார்கள். தம்பி வீட்டாருக்குக் குழுவில் அனுப்புவதற்கு முன் நேரில் போய்ச் சொன்னார்கள். அதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எதை யாருக்கு அனுப்பலாம் என்பதை மூன்று வட்டமாகப் பிரித்தார்கள்: வீட்டுக்குள், உறவுக்குள், ஊருக்கு. மஞ்சள் நீராட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது, பிணத்தை உட்காரவைத்து எடுத்தது, சாதிப் பெயரோடு உள்ள பத்திரிகைகள் எல்லாம் முதல் வட்டம். படத்தில் உள்ளவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் மூன்றாம் வட்டத்துக்குப் போகக் கூடாது. இன்றைக்கு ஐம்பது வயதான ஒரு பெண்ணின் சடைப் படத்தை அவரைக் கேட்காமல் அவரது அலுவலகத்து ஆட்களும் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு “அழகா இருக்கீங்க அக்கா” என்பது அன்பாகாது.

ஸ்டுடியோப் படத்துக்கு உரிமை யாருக்கு என்ற கேள்வி அடிக்கடி வரும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோ பெயரைப் பட்டையில் போடுவது மரியாதை.

திரும்ப வைத்தது

மூலப் படங்கள் பாலிபுரோப்பிலீன் உறையில் ஒன்றொன்றாகப் போயின. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அமிலமில்லாத தாள் கேட்டு வாங்கி இடையில் வைத்தார்கள். எண்ணை உறைமேல் எழுதினார்கள். பழைய நார்த்தாள் படமாக இருந்தால் பின்பக்கத்தில் 2பி பென்சிலால் மெதுவாக எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கம் புடைக்கும். லேமினேஷன் செய்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி ஒருநாளும் பிரிக்க முடியாது என்று தடுத்துவிட்டார்கள்.

டிரங்குப் பெட்டி கட்டிலடிக்குத் திரும்பவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள பரணும் வேண்டாம், கோடையில் அங்கே வெந்துவிடும். சுவரில் வெள்ளம் நின்ற கறை இருக்கிறது. அதற்குமேல், வெளிச்சுவரை ஒட்டாமல், பீரோவின் மேல்தட்டு. 50 கிராம் சிலிக்கா ஜெல் பை நான்கு, நிறம் மாறினால் தகரத் தட்டில் கொட்டிச் சூடாக்கித் திரும்பப் போட வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில் இது மாதம் ஒருமுறை வேலை. நாப்தலீன் உருண்டை மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் உறையை அது இளக்கும்.

பெயர் தெரியாத 11 படங்கள் தனி உறையில் இருக்கின்றன. அவற்றில் 2 படங்களின் பின்னால் பர்மிய எழுத்தில் ஸ்டுடியோ முத்திரை. 1964-க்குப் பிறகு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறிய அத்தை முறை ஒருவர் இருக்கிறார். முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஏ4 அச்சு இரண்டும், பின்பக்கத்தோடு, பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போகின்றன.